நாலு வெல்மாராவும் ஒரு சங்கரேஸ்வரியும்

"இதுல நாயைக் காணும்" என்றாள் சங்கரேஸ்வரி.

இடது கையில் விளையாட்டுக் கருவி, வலது கையில் தயிர்சாதம் அள்ளும் ஸ்பூன். திரையில் ஒரு சின்னக் கிராமம், ஒரு கிணறு, கிணற்றோரம் நீலச் சட்டை போட்ட கிழவன். அவனிடம் மறுபடி மறுபடி பேச்சுக் கொடுக்கிறாள். அவனும் சலிக்காமல் அதே வரியைச் சொல்கிறான்.

"டிவி ஆட்டத்துல இவன் காலடியில ஒரு நாய் படுத்துக் கெடக்கும்க்கா. கையில வச்சு ஆடுத கருவிக்கு மாத்தும்போது எடம் பத்தலன்னு நாயைத் தூக்கிட்டாவ. கெழவன் மட்டும் இன்னும் குனிஞ்சு தரையைத் தடவுதான் பாருங்க."

பார்த்தேன். கிழவன் வெறுந்தரையைத்தான் தடவிக்கொண்டிருந்தான். எனக்குத் திக்கென்றது. அவளோ ஸ்பூனை நக்கிவிட்டுத் திரையில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள்.

தென்காசியில் கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ரத்தினம் அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடை. அங்கே டிசைன் செய்பவள் இவள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஊர்க்காரர்கள் முகமெல்லாம் இவள் கையில் வெளுத்துச் சிவந்த பிறகுதான் கம்பத்தில் ஏறும். பெரிய பேனர் ஒன்றை மெஷினில் விட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மை வாடையடிக்கும் பின்கட்டு அறைக்குள் போய்விடுவாள். அங்கே ஒரு பெட்டி டிவி, கேம் கேசட் போடும் பழைய கருவி ஒன்று, கைக்கடக்கமான கருவி ஒன்று, கம்ப்யூட்டர், போன். எல்லாவற்றிலும் ஒரே விளையாட்டு. பெயர் வெல்மாரா.

நான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குப் பேனர் அடிக்கப் போனவள். ஒரு குழந்தைக்குத் தாயான பெண்பிள்ளை, கடை நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உள்ளே போனேன். ஒரு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறேன்.

வெல்மாரா முப்பது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டு. நாம் ஒரு வீரனாக வேடம் ஏற்று ஊர் ஊராக நடக்க வேண்டும். வழியில் கிடைக்கிற ஆட்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஒரு நீண்ட கதையை முடிக்க வேண்டும். ஒரு கருவிக்காகச் செய்த விளையாட்டை இன்னொரு கருவியில் ஓடும்படி மாற்றிச் செய்வதற்கு 'போர்ட்' என்று பெயராம். வெல்மாராவுக்கு இதுவரை நாலு பிறவி: டிவிக்கு வந்த முதல் ஆட்டம், கைக்கருவிக்கு மாற்றியது, கம்ப்யூட்டருக்கு மாற்றியது, கடைசியாகப் போனுக்கு மாற்றியது.

இவள் ஆடுவது ஜெயிக்க இல்லை. "ஜெயிச்சு எத்தனையோ வருசம் ஆச்சுக்கா. இப்ப ஒத்துப் பாக்கேன்" என்பாள். ஒரு ஊரை எடுத்துக்கொண்டால் நாலு பிறவியிலும் அதே ஊருக்குள் அதே வாசல் வழியாக நுழைவாள். அதே ஆளிடம் அதே கேள்வி. டிவியில் மழை சாய்ந்து பெய்யும், கம்ப்யூட்டரில் நட்டக்குத்தலாகப் பெய்யும். கம்ப்யூட்டரில் சத்திரத்துக் கதவு சத்தமில்லாமல் திறக்கும். அது இவளுக்கு ஆகவே ஆகாது. "கதவுன்னா ஒரு கிரீச் வேண்டாமா? பேய் வீடா அது?" பாட்டு மாறுகிற இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் நாம் மூச்சுவிட்டாலும் முறைப்பு விழும்.

போன் போர்ட்டின் மேல் இவளுக்குத் தீராத எரிச்சல். "அதுவே சண்டை போடுது, அதுவே ஜெயிக்குது. நம்ம என்னத்துக்கு, வேடிக்கை பாக்கவா?" ஆனால் அதில்தான் வீரனுக்குத் துணையாக வரும் மருத்துவச்சிப் பெண்ணைக் காப்பாற்ற முடியும். முதல் ஆட்டத்தில் பாலத்தில் வைத்து அவள் செத்துப்போவாள். என்ன செய்தாலும் சாவாள். போனில் கொஞ்சம் பொறுமையாகக் காத்து நின்றால் பிழைத்துவிடுவாள். எது சரி என்று கேட்டேன்.

"சாவுததுதான் சரி. கதைக்கு அதான் பொருத்தம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா மனசு சரியில்லைன்னா போன் ஆட்டத்துலதான் அந்தப் பாலத்துக்குப் போவேன்" என்றாள்.

இதையெல்லாம் வீடியோவாகவும் போடுகிறாள். முகம் காட்டுவதில்லை. கருவியைப் பிடித்திருக்கும் கையும் கண்ணாடி வளையலும் குரலும் மட்டும்தான். இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் 'வளையல் அக்கா' என்று எழுதுகிறார்கள். அந்த வளையல் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் குடியிருப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியப்படுத்த வேண்டும் என்று இவளுக்கும் தோன்றியதில்லை.

போன் போர்ட்டைத் தமிழில் கொண்டுவரப் போகிறோம், ஆள் வேண்டும் என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனி அறிவித்தபோது இவளும் கொஞ்சம் மொழிபெயர்த்து மாதிரிக்கு அனுப்பினாள். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேனருக்கும் பேனருக்கும் நடுவே, சோறு வடிக்கும்போதும் பையனைத் தூங்க வைத்த பிறகும், இதே வேலை. கதையில் ஓர் அருவி வருகிறது. அதன் பின்னால் ஒரு குகை. காவல்காரன் வீரனை வழிமறித்து, இன்று பாதை மூடியிருக்கிறது என்கிறான். இவள் அதை எப்படி எழுதினாள் தெரியுமா? 'தண்ணி கூடுதலா விழுது. இன்னைக்குக் குளிக்கத் தடை.' பெட்டி டிவியே அதிரும்படி சிரித்தேன். குற்றால அருவியில் தண்ணீர் கூடும்போதெல்லாம் அந்த அறிவிப்பைக் கேட்கிற ஊர்க்காரி வேறு எப்படி எழுதுவாள்?

சித்திரையில் விளையாட்டு வெளிவந்தது. கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். படம் வரைந்தவர்கள், இசை அமைத்தவர்கள் எல்லாரும் போனார்கள். பிறகு அந்த வரி வந்தது: தமிழாக்கம் - மாரிச்செல்வம்.

மாரிச்செல்வம் இவள் புருஷன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். வெல்மாராவை 'அந்தப் பொம்மை ஆட்டம்' என்பதைத் தவிர வேறு பெயரால் அழைத்ததில்லை.

இவள் அந்த வரி மேலே ஏறி மறைகிற வரை பார்த்துவிட்டு, மறுபடி பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

நடந்தது இதுதான். சிம் கார்டு அவர் பேரில். மெயிலும் அவர் பேரில். எதற்கோ விண்ணப்பிக்க இவளே உண்டாக்கிக் கொடுத்தது, அவர் திறந்துகூடப் பார்த்ததில்லை. பேங்க் கணக்கிலும் அவர் பேர்தான். நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தானே. ஒப்பந்தத்தில் பேர் கேட்டபோது, கணக்கில் இருக்கிற பேரைத்தான் போட வேண்டும் என்று நினைத்து அவர் பேரையே போட்டிருக்கிறாள்.

"இது பேங்குக்கான பேருன்னு நெனச்சேன்க்கா. ஆட்டத்துல போடுத பேரைத் தனியாக் கேப்பாவன்னு இருந்தேன். கேக்கவே இல்லை."

படித்த பெண் இப்படிச் செய்வாளா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கேஸ் இணைப்பு, கரண்ட் பில், வண்டி எல்லாம் என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான அதிர்ச்சி. உறவுக்காரப் பையன் ஒருவன் அந்த வரியைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிட்டான். லாட்ஜுக்கு வாழ்த்து வர ஆரம்பித்தது. மாரிச்செல்வம் கெட்டவர் இல்லை. அந்தப் பெட்டி டிவியே லாட்ஜில் கழித்துப் போட்டதை அவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்ததுதான். முதல் நாள் "நான் இல்லைய்யா, வீட்டுல செஞ்சது" என்று சொன்னாராம். மறுநாள் சிரித்ததோடு சரி. அடுத்த வாரம் நான் ஒரு வேலையாகக் குற்றாலம் போனபோது லாட்ஜ் வாசலில் நின்று என் காதாலேயே கேட்டேன். கொல்லத்திலிருந்து குளிக்க வந்த ஒருவரிடம், "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு செஞ்ச வேலை சார். சும்மாவா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மனிதன் இவ்வளவு சாதாரணமாக, பல் விளக்குகிற மாதிரி, பெண்டாட்டியின் உழைப்பைத் தன் வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், காபி சாப்பிடுதியளா?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள் சங்கரேஸ்வரி. ஒப்பந்தத்தில் பேர் இருக்கிறவரே, வேலை செய்தது இன்னார் என்று உறுதிப்படுத்தி எழுதினால் அடுத்த அப்டேட்டில் மாற்றிவிடுகிறோம் என்று பதில் வந்தது. வெல்மாராவின் இரண்டாம் பாகமும் வரப்போகிறது, அதையும் அதே மொழிபெயர்ப்பாளருக்கே கொடுக்க விரும்புகிறோம் என்றும் இருந்தது. அதே மொழிபெயர்ப்பாளர் என்றால் இப்போதைக்கு மாரிச்செல்வம்.

வீட்டில் கேட்டிருக்கிறாள். "ஏட்டி, எம் பேரு என்ன, ஒம் பேரு என்ன? ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ளதான கெடக்கு" என்றிருக்கிறார். பிறகு, "எழுதுவோம், எழுதுவோம்." அந்த எழுதுவோம் ஒரு மாதமாக நடக்கிறது.

"மெயில் பாஸ்வேர்ட் உன்கிட்டதானே இருக்கு? நீயே அவர் எழுதின மாதிரி அனுப்பித் தொலையேன்" என்றேன்.

"அனுப்பலாம். அப்ப அதுவும் அவிய பேருலதானக்கா போவும்?" என்றாள்.

அவள் கைக்கருவியை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கோ நடக்கப் போய்விட்டாள்.

போன சனிக்கிழமை முற்பகல் கடையில் இருந்தேன். மாரிச்செல்வத்தின் சிநேகிதர் நெல்லையப்பன் வந்தார். குற்றாலத்தில் 'சாரல் நண்பர்கள்' என்று ஒரு குழு வைத்து நடத்துகிறவர். மறுநாள் காலையில் மாரிச்செல்வத்துக்குப் பாராட்டு விழாவாம், பொன்னாடையாம். பிளெக்ஸ் வேண்டுமாம். கூடவே மாரிச்செல்வமும் வந்து, போட்டோவைத் தேர்ந்தெடுக்க அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"மதினி, அண்ணன் போட்டோவ நல்லா பெருசா வைங்க. பின்னால மெயின் அருவி. மேல 'வெல்மாராவைத் தமிழ் பேச வைத்த தென்காசிச் சிங்கமே'ன்னு போட்டுருங்க" என்றார் நெல்லையப்பன். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனதோடுதான் செய்கிறார். "கீழ ஓரத்துல உங்க போட்டோவும் சின்னதா வைங்க. குடும்பத்தை விட்டுறக் கூடாதுல்லா."

அவள் எல்லாவற்றையும் செய்தாள். புருஷனின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அழித்தாள். காதோரத்து நரையைக் கறுப்பாக்கினாள். அருவியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். தன் படத்தை ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓரத்தில் ஒட்டினாள். நெல்லையப்பனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

ரத்தினம் அண்ணாச்சி கடையில் ஒரு சட்டம் உண்டு. முதலில் மாதிரியை வெள்ளைத் தாளில் அடித்துக் கொடுப்பார்கள். பேனருக்கு உரியவர் வரி வரியாகப் படித்து, 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். எப்போதோ மாப்பிள்ளை பேருக்குப் பதில் அவன் தம்பி பேர் அச்சாகி, கல்யாண வீட்டுக்காரர்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றதிலிருந்து இந்த ஏற்பாடு.

சங்கரேஸ்வரி தாளை அடித்தாள். நெல்லையப்பன் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் புருஷனிடம் கொடுத்தாள்.

"பாத்து, எல்லாம் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மாரிச்செல்வம் சிரித்தார். "வீட்டுக்காரன்கிட்டயே கையெழுத்தாட்டி?"

"கடை வழக்கம். எல்லாரும்தான் போடுதாவ."

"தெரிஞ்ச விசயம்தான."

"தெரியப் போய்த்தான் கேக்கேன். போட்டுருக்கது சரின்னா சரின்னு எழுதுங்க. தப்பு இருந்தா அடிச்சுத் திருத்துங்க. எதுன்னாலும் மெஷினை ஓட்டிருதேன்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எந்த வாடிக்கையாளரிடமும் பேசுகிற அதே குரல். அவர் தாளைப் படித்தார். அதில் படிக்க மூன்று வரிதான் இருந்தது, ஆனால் வெகுநேரம் படித்தார். காதுக்குப் பின்னால் வியர்வை இறங்கியது. நெல்லையப்பன் இவர் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மனிதருக்கு ஏதோ லேசாக உறைத்திருக்க வேண்டும்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பாக்கேன்" என்று சொல்லி, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் மாரிச்செல்வம்.

"நாளைக்குக் காலையில விழாண்ணே" என்றார் நெல்லையப்பன் மெதுவாக.

சங்கரேஸ்வரி எழுந்தாள். நாலு பேர் முன்னால் அவள் புருஷன் மேல் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. நேராக வந்து, அவர் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு அந்தத் தாளை எடுத்தாள். மேஜையில் விரித்து, மடிப்பு போகிற வரை உள்ளங்கையால் தேய்த்தாள். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.