நொட்டையாருக்குப் போர்த்திய தார்ப்பாய்

தம்பிக்குக் கோபம் வரவேண்டும். அண்ணனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊரெல்லாம் வீட்டு ஆம்பளைகளின் கோபத்தைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருக்க, இந்தத் தையல்காரர் ஒருத்தர்தான் கோபத்தை மூட்டுவதற்காகக் கடையைப் பூட்டிப்போட்டுவிட்டுத் தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்.

தம்பி சரக்கு ரயில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். எதைப் பார்த்தாலும் ஒரு நொட்டை சொல்லாமல் நகரமாட்டார்; அதனால் யார்டு முழுக்க அவருக்கு நொட்டையார் என்றே பெயர். அண்ணன் தைத்துக் கொடுத்த கால்சட்டையை அண்ணன் எதிரிலேயே உட்புறம் திருப்பி, "இது தையலா, கோழி கிண்டினதா?" என்று கேட்டவர். ஒருமுறை ஒரே ஒரு தார்ப்பாய்க்காகக் கொட்டுகிற மழையில் மொத்த ரயிலையும் நிறுத்திவைத்தார். ஒரு பெட்டிக்கு இரண்டு பாய் போர்த்தினால், முன்பாயின் ஓரம் பின்பாயின் மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற ஓட்டத்தில் காற்று உள்ளே புகுந்து பாயைத் தூக்கிவிடும். மேலதிகாரி கத்தியும் மனிதர் அசையவில்லை.

அந்த வாயிலிருந்து ஏழு மாதமாக ஒரு சொல் வரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். இடது கை மட்டும் போர்வையை நீவிக்கொண்டே இருக்கும். அவரைப் புரட்டிப் புரட்டித் தம்பி மனைவிக்கு முதுகே போய்விட்டது. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறாள். கடைசியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பேசிவிட்டாள். திங்கட்கிழமை அழைத்துப் போகிறார்கள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

"யாரையும் தெரியல மாமா. என்னையே தெரியல."

"அவனுக்கு எல்லாம் தெரியும்மா. ஒரு தப்பக் கண்டுபிடிச்சுக் காட்டிட்டான்னா? அப்ப வெச்சுக்குவியா?"

அவள் யோசித்தாள். "சரி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க."

தப்புக்கு எங்கே போவது? அதுவும் வீட்டிலேயே இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தம்பி ஒரு பலகை நிறையத் தண்டவாளம் பதித்து மாதிரி ரயில் ஒன்று அமைத்திருந்தார். சாண் நீளங்கூட இல்லாத ஆறு சரக்குப் பெட்டிகள், மூடியில்லாமல். "மேல போர்த்தத் தார்ப்பாய் செஞ்சு குடுண்ணே" என்று நாலு வருஷம் கேட்டார். "கழுதை வயசாச்சு, பொம்மைக்குச் சட்டை வேணுமா உனக்கு?" என்று நாலு வருஷமும் அண்ணன் சிரித்தார். பாவி, ஒரு நாள் உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கக் கூடாதா?

முதலில் கிழிந்த குடைத்துணியை வெட்டிப் பார்த்தார். அந்தச் சின்னப் பெட்டியின் மேல் அது மெத்தை மாதிரி விறைத்து நின்றது. காலமெல்லாம் சோறு போட்ட துணி கைவிட்டுவிட்டது! செருப்புப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய தாளை எடுத்தார். காய்ந்த ரொட்டியை மூட்டை மூட்டையாக நறுக்கி அடுக்கி, மேலே பாலித்தீன் விரித்து, தாளை மைதா பசையில் நனைத்து ஈரத்தோடு போர்த்தினார். மூட்டைக்கு மேல் புடைத்தும் இடையில் தொய்ந்தும் அசல் தார்ப்பாயாகவே காய்ந்தது. பாலித்தீனை உருவிவிட்டு, தேநீர்ச் சக்கைத் தண்ணீரும் கறுப்பு ஷூ பாலிஷும் தடவினார். மெழுகில் இழுத்த தையல்நூல் கயிறாயிற்று. தொய்வில் ஒரு சொட்டு நிறமில்லாத நகப்பூச்சு விட்டால், நேற்றுப் பெய்த மழை!

ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தார். ஒன்றில் ஒரு பக்கம் கயிறே கட்டவில்லை. இன்னொன்றில் பாயின் எண்ணைத் தலைகீழாக எழுதினார். ஒவ்வொன்றாகத் தம்பி மடியில் பலகை போட்டு வைத்தார். தம்பியின் கண் அந்தப் பக்கம் இருந்தது. பார்த்ததா, யார் கண்டது!

"டேய், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? உங்கண்ணன் பண்ணின வேலையப் பாருடா. திட்டுடா." திட்டு வரவில்லை. வாயோரம் எச்சில்தான் வந்தது. துடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறாவது பெட்டி. இரண்டு பாய், ஓரம் மாற்றிப் போட்டது. எது முன்பக்கம் என்று தம்பிக்குக் குழப்பம் வரக்கூடாதென்று இன்ஜினையும் கோத்து வைத்தார். வெயில் கட்டிலின் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நகர்ந்தது. அண்ணனுக்கு நம்பிக்கை விட்டுப்போன நேரத்தில் இடது கை போர்வையை விட்டு எழுந்தது. பலகையில் ஊர்ந்தது. இன்ஜினைத் தாண்டி, சரியாக அந்த ஓரத்துக்கு வந்து, விரலை உள்ளே விட்டது.

"அம்மாடி, ஓடி வா! கண்டுபிடிச்சிட்டான்! நான் சொன்னேன்ல!"

அவள் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்து நின்றாள். தம்பி பாயைக் கிழித்தார். உள்ளிருந்து ஒரு மூட்டையை எடுத்தார். வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சப்பினார்.

அண்ணன் குனிந்து, "ஆ காட்டு தம்பி, ஆ காட்டு. தொண்டையில சிக்கிக்கும்டா" என்று விரலை விட்டு ரொட்டியை எடுத்தார். தம்பி அந்த விரலையும் சேர்த்துச் சப்பினார்.

அவள் கிழிந்த பாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"சரியா அந்த எடத்துலதான் மாமா கை வெச்சாரு. நானும் பாத்தேன். கண்டுபிடிச்சிட்டாரு. இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். இடுப்புப் பட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"பசிச்சிருக்கும்மா அவனுக்கு" என்றார். "நாளைக்கு எத்தன மணிக்கு வர்றாங்க?"