ஒரு போத்தல் எண்ணெயின் நிறை

முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்த ஒருத்தி, சவர்க்காரம் செய்யப் பழகுவதற்கு இன்னொருவரிடம் போய் நிற்பது முறையன்று என்றே அப்போது எண்ணினேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் எதிர்வீட்டுப் பெண் வங்கியில் வேலை செய்பவர். சனிக்கிழமைகளில் அடுப்பில் காய்ச்சாமலே சவர்க்காரம் வார்ப்பார். எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசைக்கு வரும் பெண்களுக்கு இம்முறை என் கையால் செய்த சவர்க்காரமே கொடுப்பேன் என்று நான் கோயிலில் பலர் முன்னிலையில் சொல்லிவிட்டதை அறிந்து, அவர் வாசலுக்கு வந்தார்.

“முதல் தரம் நான் பக்கத்திலை நிக்கட்டே, மிஸ்?”

“தேவையில்லை, பிள்ளை. நான் கரும்பலகையிலை செய்யாத சவர்க்காரமே?”

“சரி. எண்ணெயை மட்டும் கணக்கை விடக் கொஞ்சம் கூட விடுங்கோ.”

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு உரிய யோசனை அது என்று ஒதுக்கினேன்.

கோஸ்டிக் சோடாவைக் கிராம் பிசகாமல் நிறுத்தேன். கையுறை அணிந்து, கடற்பக்கத்து யன்னலைத் திறந்து, கணவரைப் பல்கனிக்கு அனுப்பிவிட்டு, அதைத் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரைத்து ஆறவைத்தேன். புதிதாக வாங்கிய ஒரு போத்தல் தேங்காயெண்ணெயில் அதை ஊற்றிக் கலக்க, கஸ்டர்ட் போலத் தடித்து வந்தது. மறுநாள் வெட்டிய கட்டிகள் பளிங்குபோல் இருந்தன. ஐந்து வாரம் அலுமாரியின் மேல் உலரவிட்டேன்.

பூசைக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் ஒன்றை எடுத்துக் கை கழுவினேன். தோல் இறுகி எரிந்தது.

“பூசைக்கு வாற ஆக்களுக்கு இனிக் கைரேகை பாக்கேலாது போல,” என்றார் கணவர்.

சமன்பாட்டை மூன்று தடவை சரிபார்த்தேன். அதில் பிழை இல்லை. வேறு வழியின்றி ஒரு கட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். நடுவில் இருந்தது நாலு அடி தூரம்தான்.

சோடா மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, அவர் அதை நாக்கு நுனியில் தொட்டவுடன் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

“எண்ணெய் எவ்வளவு நிறுத்தனீங்கள், மிஸ்?”

“ஒரு போத்தல். எழுநூற்றைம்பது.”

“அது மில்லிலீற்றர் எல்லே.”

எண்ணெய் தண்ணீரில் மிதப்பது ஏன் என்று எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியவள் நான். ஆனால் வீட்டில் எண்ணெயை எந்நாளும் போத்தலாகவே வாங்கியிருக்கிறேன். நிறுக்க வேண்டிய பொருளாக அதை நினைத்ததே இல்லை. அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அவருடைய குசினியில் இருவருமாகக் கட்டிகளைத் துருவினோம். கொதிநீரின் மேல் பாத்திரம் வைத்து இளக்கி, குறைந்த அறுபது கிராம் எண்ணெயைச் சேர்த்தோம். அதற்கு மேலும் கொஞ்சத்தை நானே விட்டேன். ஒரு வாரம் உலர்ந்தபின் அது நாக்கைச் சுடவில்லை. ஆனால் பார்ப்பதற்கு ஆறிப்போன களி போல் இருந்தது.

“ஆரும் கேட்டால் புது டிசைன் எண்டு சொல்லுவம், மிஸ்.”

பூசையன்று முதலில் சவர்க்காரப் பையைப் பிரித்தவர், என்னோடு படிப்பித்த முன்னாள் உப அதிபர். “என்ன மிஸ், இது கட்டி கட்டியாக் கிடக்கு?”

“அது புது...” என்று எதிர்வீட்டுப் பெண் தொடங்கினார்.

“பிழை விட்டனான்,” என்றேன் நான். “ஒரு போத்தல் எண்ணெய் எழுநூற்றைம்பது கிராம் எண்டு நினைச்சிட்டன்.”

கூடத்திலிருந்த பெண்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

“அப்ப இல்லையே?” என்றார் உப அதிபர்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான்,” என்றது ஒரு குரல்.

“இவ்வளவு காலமும் கடைக்காரன் எங்களைப் பேய்க்காட்டி இருக்கிறான்!” என்றது இன்னொன்று.

நான் தராசைக் கொண்டுவந்து வைத்து, முதலில் வெறும் போத்தலை நிறுத்து, பின் அதில் எண்ணெயை நிரப்பினேன். பட்டுச்சேலைகள் தராசைச் சுற்றி நெருங்கின. போத்தலின் நிறை போக அறுநூற்றுத் தொண்ணூறு கிராம்.

“பாடம் தொடங்கீட்டுது. அவிச்ச கடலை ஆறுது,” என்றார் கணவர்.

ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, அடர்த்தியிலிருந்து ஆரம்பித்தேன்.