மலை ஏறி வராத பந்தாட்டம்

எல்லாரும் கொல்லிமலைக்கு ஏறி வந்ததை எழுதுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, மேகம், அருவி, மிளகுக் கொடி என்று எழுதுகிறார்கள். எங்கள் முதியோர் வாசிப்பு வகுப்பில் செல்வி டீச்சர் போனில் அப்படி ஏழெட்டுக் கட்டுரைகளைப் படித்துக் காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் மலையிலிருந்து இறங்கிப் போனவன் எழுதியது ஒன்றுகூட இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். எழுத்து கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகிறது. மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நீளமாக எழுத முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதப்போகும் விஷயம் மட்டும் அவ்வளவு சந்தோஷமானது அல்ல.

அறுபதுகளின் தொடக்கம். மலைக்கு ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது, மேலே வரை வரவில்லை. அந்த ரோடு வேலைக்கு வந்த மேஸ்திரி ஒருவர்தான் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டில் எங்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். சாமை அறுத்த காட்டில் ஆடுவோம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பந்தை ஓங்கி உதைத்தால் ஓடைக்குள் போய்விடும், தேடி எடுத்து வருவதற்குள் பொழுது போய்விடும். அதனால் நாங்கள் பந்தைக் காலை விட்டுப் பிரியாமல் தட்டித் தட்டித்தான் கொண்டுபோவோம்.

எங்களில் நன்றாக ஆடுகிறவன் சடையன். என் தங்கை காவேரியைக் கட்டியவன். காவேரி சிறுவயதில் பலாமரத்திலிருந்து விழுந்ததில் ஒரு கால் சரியாகக் கூடவில்லை. சமதரையில் நடப்பாள். மலை இறங்க முடியாது. அவள் வரப்பில் உட்கார்ந்து நாங்கள் ஆடுவதைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுக் கிண்டல் செய்வாள். "உங்களுக்குள்ளயே ஆடிக்கிட்டு உங்களுக்குள்ளயே ஜெயிச்சுக்கறீங்க. வெளியாளு ஒருத்தன் வந்து ஆடட்டும், அப்ப பாக்கறேன்" என்பாள். சடையனுக்கு அது உறுத்தும்.

அந்தத் தை மாதம் நாமக்கல்லில் ஒரு கோப்பைக்கு ஆட்டம் வைத்தார்கள். மேஸ்திரி எங்கள் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். முதல் ஆட்டமே அந்த ஊர்ப் பெரிய கிளப்போடு. அதன் பெயர் வேண்டாம், பெரிய கிளப் என்றே எழுதுகிறேன். கோப்பைக்கு ஒரு விதி இருந்தது. ஆட்டம் சமமாக முடிந்தால், வெளியூர் அணியின் மைதானத்தில் மறுபடி ஆட வேண்டும். மேஸ்திரி இதைச் சொன்னதும் சடையன் எழுந்து நின்றுவிட்டான்.

"ஜெயிக்கக்கூட வேண்டாம் மச்சான். சமம் பண்ணிட்டாப் போதும். ஆட்டம் மலைக்கு வந்துரும். அவ வரப்புல உக்காந்தே பாப்பா" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அதுதான் குறி. கோப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை.

விடியும் முன் கிளம்பினோம். பதினோரு பேரும் மேஸ்திரியும். மேஸ்திரி எல்லாருக்கும் வெள்ளைப் பனியன் வாங்கித் தந்திருந்தார், அதை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டோம். காரவள்ளி அடிவாரத்துக்கு அப்போது ஒற்றையடிப் பாதைதான். இறங்க மூன்று மணி நேரம் ஆகும், ஏற ஐந்து மணி நேரம். இரண்டு இடத்தில் பாறையைக் கையால் பிடித்துத்தான் இறங்க வேண்டும். பனி விலகாததால் முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்து இறங்கினோம். பாதி வழியில் ஓர் ஓடை குறுக்கே வரும். அங்கே உட்கார்ந்து ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டோம். அடிவாரத்திலிருந்து சேந்தமங்கலம் வரை மறுபடி நடை, அங்கிருந்து பஸ். ஆளுக்கு நாலணா.

பஸ்ஸில் கண்டக்டர் பந்தைப் பார்த்துவிட்டு, "எங்கீங்க, ஆட்டத்துக்கா?" என்று கேட்டார். யாரோடு என்று சொன்னோம். அவர் சிரித்தார்.

"என் விசிலுக்கு ரெண்டு அர்த்தமுங்க. போலாம், நில்லு. அங்க ஊதற ஆளோட விசிலுக்கு ஒரே அர்த்தம்தான். பந்து பெரிய கிளப்புக்கு."

"நேர்மையா ஆடுனா யாருங்க தடுப்பாங்க?" என்றான் சடையன்.

"நேர்மையா ஆடறதுக்கு நீங்க இருக்கீங்க கண்ணு. ஊதறதுக்கு அவரு இருக்காரு" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

மைதானத்தைப் பார்த்ததும் ஓரத்திலேயே நின்றுவிட்டோம். அவ்வளவு பெரிய சமதரையை நாங்கள் பார்த்ததில்லை. ஓடினால் ஓடிக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. புழுதி அடங்கத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், கோல் கம்பத்துக்கு முன்னால் சேறாகிக் கிடந்தது. பெரிய கிளப் ஆட்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எங்களுக்கு வெறுங்கால். நாங்கள் பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோவதைப் பார்த்து, "என்னடா, கோழிக்குஞ்ச ஓட்டிக்கிட்டுப் போறாங்க" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு குறைந்தது. அவர்களால் எங்கள் காலிலிருந்து பந்தை எடுக்க முடியவில்லை.

ரெப்ரி கனத்த உடம்புக்காரர். நடு வட்டத்தை விட்டு அதிகம் நகர மாட்டார், நின்ற இடத்திலிருந்தே கண்ணால் ஓடுவார். எங்களைத் தள்ளினால் விசில் வராது. நாங்கள் தோளை உரசினால் வந்துவிடும். அப்படி வந்த ஒரு விசிலில்தான் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். பாதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் ரெப்ரி பெரிய கிளப்பின் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அப்போது நடந்ததைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு ஊருக்கு நடுவே நியாயம் பேச ஒருவர் வந்தால், பேச்சு முடியும் முன்பே அவரைச் சாப்பிட அழைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு அழைத்தால், ஜெயித்தவன் விருந்து வைக்கிறான் என்று பேச்சு வந்துவிடும். முன்பே அழைத்தால் அது மரியாதை மட்டும்தான். சடையனுக்கு அந்த வழக்கம் தவிர வேறு தெரியாது. நேரே பந்தலுக்குப் போய்க் கைகட்டி நின்றான். நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க சாமி, ஆட்டம் சமமாச்சுன்னா அடுத்தது எங்க மலையிலங்க. நீங்க எங்க ஊட்லதான் தங்கோணும். சேவல் அடிச்சு மிளகு போட்டு வெக்கச் சொல்றேனுங்க."

ரெப்ரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மலைக்கு பஸ் போகுதா?"

"இல்லீங்க, நடைதானுங்க. உங்களுக்கு ஒரு ஆறு மணி நேரம் ஆகும். ரெண்டே எடத்துல மட்டும் கைய ஊணி ஏறோணும். கரடி அந்தப் பக்கம் பகல்ல வராதுங்க."

ரெப்ரி சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். பந்தலில் யாரோ, "ரெப்ரிக்குச் சேவலாமப்பா" என்று உரக்கச் சொன்னார்கள். ஒரு சிரிப்பு அந்த முனையிலிருந்து இந்த முனை வரை போயிற்று. ரெப்ரியின் முகம் சிவந்துவிட்டது. "போய் வெளையாடு" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சடையன் கோல் போட்டான். வலது பக்கத்திலிருந்து நான் கொடுத்த பந்து சேற்றில் பட்டு எகிறியது. அவன் நெஞ்சால் தடுத்துக் கீழே போட்டு, இடது காலால் கம்பத்தை ஒட்டி உள்ளே தள்ளினான். வலைக்குள் போனதை எல்லாரும் பார்த்தார்கள். கோல் காப்பவனே பந்தை எடுத்து நடுவட்டத்துக்கு உருட்டினான். ரெப்ரியும் நடுவட்டத்தை நோக்கித்தான் கையை நீட்டினார். அதற்குள் பெரிய கிளப்பின் கேப்டன் அவரிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னான். பந்தலிலிருந்தும் சத்தம் வந்தது. ரெப்ரி நீட்டிய கையை மடக்கினார். பிறகு அதே கையை இன்னொரு கையால் தட்டிக் காட்டினார். பந்து கையில் பட்டதாம். கோல் இல்லை.

சடையன் அவர் முன்னால் போய்ப் பனியனை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தான். நெஞ்சு நடுவில் சேறு, பந்து அளவுக்கு வட்டமாக. "பாருங்க சாமி, இங்கதானுங்க பட்டுச்சு." ரெப்ரி பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பி விசில் ஊதினார். கொஞ்சத்தில் ஆட்டமும் முடிந்தது.

திரும்பும் வழியெல்லாம் ஆளுக்கு ஆள் பேசினார்கள். அந்தப் பனியனை அப்படியே வைத்திருந்து ஊரில் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்றார்கள். ராத்திரி அடிவாரத்தில் படுத்துவிட்டு மறுநாள் காலையில் ஏறினோம். ஓடை வந்ததும் சடையன் பனியனைக் கழற்றிக் கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

"என்ன மாப்ள பண்ற? சாட்சி அதுதானே" என்றேன்.

"காவேரிகிட்டத் தோத்துட்டோம்னு மட்டும் சொல்லுங்க. கோல் போட்டேன்னு சொன்னா, ஆட்டம் அடுத்த வருசம் வரும் அடுத்த வருசம் வரும்னு காத்துக்கிட்டே உக்காந்திருப்பா. தோத்ததுன்னா ஒரு நாளு சிரிச்சுட்டு விட்டுருவா."

அத்தனை பேரும் சரி என்றோம். அவள் ஒரு நாள் கிண்டல் செய்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் நாங்கள் பெயர் கொடுக்கவில்லை. யாருக்கும் மனம் வரவில்லை. ரோடு வேலை முடிந்து மேஸ்திரி போய்விட்டார். பந்தும் கிழிந்தது. இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. கொஞ்ச காலத்திலேயே பஸ் மேலே வந்துவிட்டது. அந்த ரெப்ரி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே எங்கள் ஊருக்கு வந்திருக்கலாம். காவேரியும் உட்கார்ந்தபடியே கீழே போயிருக்கலாம். அப்போது எங்களிடம் அணி இல்லை.

இப்போது டிவியில் ஆட்டம் பார்க்கும் பிள்ளைகள், ரெப்ரி பெரிய கிளப்புக்குத்தான் ஊதுகிறார் என்று சண்டை போடுகிறார்கள். நான் அந்த நாமக்கல் ரெப்ரியை நினைத்துக்கொள்வேன். அந்த மனிதர் காசு வாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன், நான் பார்க்கவில்லை. மலை ஏறப் பயந்தாரா, அதுவும் தெரியாது. சேவலுக்கு விலைபோய்விட்டார் என்று பேர் வந்துவிடுமோ என்று எங்கள் பக்கம் நியாயம் இருந்தும் சொல்லாமல் விட்டாரா? அப்படியும் இருக்கலாம். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவர் அந்த ஊர்த் தெருவில்தான் நடக்க வேண்டும். எங்கள் பாதையில் அவர் நடக்கப் போவதில்லை. பெரிய கிளப்பைப் பகைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க ஒரு தெம்பு வேண்டும். அது எல்லாருக்கும் இருக்காது. இவ்வளவு புரிந்த பிறகும் வருத்தம் குறையவில்லை.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு நேர் பஸ் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வளைவில் தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். தை மாதம் வந்தால் கம்பளி வேண்டும். பழைய ஒற்றையடிப் பாதையில் பல இடம் புதர் மூடிக் கிடக்கிறது, வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

சடையன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அணியில் மிச்சம் நான் ஒருவன்தான். எழுதி முடித்ததும் செல்வி டீச்சர், போனில் ஏற்றும் முன் வகுப்பில் யாரிடமாவது கொடுத்துப் பிழை பார்த்து வாருங்கள் என்றார். வகுப்பில் என்னைவிட நன்றாகப் படிப்பது காவேரி. அவளிடம் கொடுத்தேன்.

வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. பிறகு பென்சிலை எடுத்து ஓர் எழுத்தைத் திருத்தினாள். சடையன் கோள் போட்டான் என்று எழுதியிருந்தேன்.

"கோள்னா ஒருத்தரப் பத்தி இன்னொருத்தர்கிட்டச் சொல்லிக் குடுக்கறது. இவரு போட்டது கோல்" என்றாள்.

மேலே படிக்கவில்லை. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"எந்தக் காலாலன்னு எழுதியிருக்க?"

"எடது."

"எப்படி?"

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் இறங்கினேன். பந்து இங்கே எகிறியது, இங்கே நெஞ்சில் வாங்கினான், இங்கே இறக்கினான் என்று காட்டி, இடது காலை மெல்ல வீசினேன்.

காவேரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொருக்கா காட்டுண்ணா" என்றாள்.