கொதிகலன் எரியாத குளிர்காலம்

ஸ்தமாத்தியாவுக்கு யாரையும் கூனிக்குறுக வைக்கத் தெரியாது. அவள் கெட்டதே அதனால்தான். யார் மறுத்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்தில், சட்டை ஆலையொன்றில் காலமெல்லாம் காலர் தைத்தவள். அந்த ஆலை ஒருநாள் எல்லை தாண்டி பல்கேரியாவுக்குப் போய்விட்டது. அங்கே ஆள்கூலி மலிவாம். புருஷன் ஆர்கிரிஸ் மாவு மில்லில் உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். கொஞ்சம் புகை பட்டாலும் மூச்சு இழுக்கும். மிச்சமிருந்தது அவன் ஓய்வூதியம். அதையும் அரசாங்கத்தில் வெட்டிக்கொண்டே வந்தார்கள்.

நிதிச் சந்தைக்கு, கடனில் மூழ்கிய எங்கள் நாட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது. அந்த நம்பிக்கையை மீட்கத்தான் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கும் வரியை ஏற்றினார்கள்.

"யாருங்க இந்தச் சந்தை?" என்பாள் ஸ்தமாத்தியா. "ஒருநாள் வரச்சொல்லுங்க. பீன்ஸ் சூப் ஊத்திக் குடுத்து, உனக்கு என்னடா குறைன்னு கேக்கறேன்."

"வந்தா சூப்பையும் பாதியா வெட்டிட்டுப் போவான்," என்பான் ஆர்கிரிஸ்.

எங்கள் கட்டிடத்தில் எல்லா வீட்டையும் சூடாக்க ஒரே கொதிகலன். எண்ணெய் வாங்க, எல்லோரும் மாடிப்படியில் கூடிக் கை தூக்க வேண்டும். பாதிக்கு மேல் கை எழுந்தால் எல்லோரும் பங்கு கட்டியாக வேண்டும். அந்த அக்டோபரில் கைகள் சரிபாதியாக நின்றன. ஸ்தமாத்தியா ஒருத்திதான் பாக்கி.

"உங்க கையிலதான் இருக்குக்கா," என்றாள் கட்டிடப் பொறுப்பைப் பார்க்கும் எவ்தோக்கியா.

எதிரே கீழ்வீட்டு பாந்தெலிஸ் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். மரச்சாமான் கடையை மூடிவிட்டு, இரண்டு குழந்தைகளோடு வேலையில்லாமல் கிடப்பவன். அவள் கை தூக்கினால் அவன் எல்லார் முன்னாலும் "என்கிட்ட இல்லை" என்று சொல்ல வேண்டிவரும். ஸ்தமாத்தியா கையைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் ஸ்வெட்டர் போட்டுச் சமாளிப்போம்," என்றாள்.

குளிரைத்தான் அவள் நினைத்தாள். புகையை நினைக்கவில்லை.

டிசம்பரில் ஊரே கையில் கிடைத்ததையெல்லாம் எரித்தது. பாந்தெலிஸ் கடையில் விற்காத அலமாரிகளை உடைத்துக் கணப்பில் போட்டான். வார்னிஷ் புகை மேலே ஏறி, மொட்டைமாடிக்கு அடியிலிருந்த ஸ்தமாத்தியா வீட்டு ஜன்னலில் நுழைந்தது. ஆர்கிரிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தான். இந்தப் புகையில் இவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

அவள் படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். குழந்தைகள் கோட்டும் குல்லாயுமாக நெருப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தன. பாந்தெலிஸுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"அணைச்சிடவா அக்கா? நீங்க சொன்னா இப்பவே அணைச்சிடறேன்."

சின்னவள் நகர்ந்து இடம் விட்டாள். "இங்க உக்காருங்க அத்தை. சூடா இருக்கு."

ஸ்தமாத்தியா கையை நீட்டினாள். சூடாகத்தான் இருந்தது.

"எரியட்டும்பா," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். ஈரத் துண்டுகளை ஜன்னல் இடுக்கில் திணித்தாள்.

அன்றைய செய்தியில், எண்ணெய் விற்காததால் வரி வசூலும் குறைந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் சந்தைக்குத் திருப்தியாம்.

"சூப் குடிச்சிட்டானா?" என்றான் ஆர்கிரிஸ், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி.

பிப்ரவரியில் அவனை அடக்கம் செய்தோம். பாந்தெலிஸ் பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

அடுத்த அக்டோபரில் மாடிப்படியில் மறுபடி கூடினோம். ஸ்தமாத்தியா முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். அதற்குள் எல்லார் பையும் காலி; அந்த வருஷம் வேறு ஒரு கைகூட எழவில்லை.