அனுப்பாமல் அழித்த வரிகள்

இது நடந்தது. நடக்காததைச் சொல்லும் வழக்கம் எங்கள் ஓஸ்ட்பி குடும்பத்தில் இல்லை.

போன குளிர்காலம், மீன்பிடிப் போட்டிக்கு முந்தின நாள், என் தம்பி ஹார்லன் ஏரிமேல் போட்ட பாதையைத் திடீரென மூடினான். கிழவனுக்குக் கால் நடுங்கிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நிறுத்தவே எழுதுகிறேன். உறைந்த ஏரியில் ஐஸை அளந்து, கொடி நட்டு, வண்டிகளுக்குப் பாதை போடுவது மூன்று தலைமுறையாக எங்கள் வேலை. ஊரில் அதற்கு ஓஸ்ட்பி ரோடு என்றே பெயர். ஐஸ் உடைந்து ஒரு வண்டிகூடத் தண்ணீருக்குள் போனதில்லை.

நான் ஊர் நூலகத்தில் இருக்கிறேன். மினசோட்டாவில் பல நூலகங்கள் சேர்ந்து இணையத்தில் அரட்டைச் சேவை நடத்துகிறோம். யாரும் கேள்வி அனுப்பலாம். முறைவைத்துப் பதில் சொல்வோம். கேட்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர்கள் தட்டத் தட்ட, அனுப்புவதற்கு முன்பே, எழுத்துகள் எங்கள் திரையில் சாம்பல் நிறத்தில் ஓடும். அழித்தாலும் நாங்கள் பார்த்திருப்போம். பதிலை முன்கூட்டியே தேட அது வசதி. வெளியே சொல்வதில்லை.

மாலை 4.10. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

டிங்...

பெயர் இல்லை. 'விருந்தினர்' என்று மட்டும்.

"ஓஸ்ட்பி ரோட்ல பிக்கப் வண்டி போலாமா?"

"தாராளமா போலாம். இன்னைக்குக் காலைலதான் அளந்தாங்க. பதினாறு அங்குலம்" என்று எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவே.

சாம்பல் எழுத்துகள் ஓடின. 'அப்போ தண்ணி எப்படி முழங்காலுக்கு...' நின்றது. ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழிந்தது.

"நன்றி" என்று மட்டும் வந்தது.

எங்கள் பாதையைக் கேலி செய்கிறான் எவனோ என்று எரிச்சல் வந்தது. பக்கத்து மேசையில் இருந்த மார்லிஸிடம் சொன்னேன்.

"உங்க ரோட்டைக் குறை சொன்னானா? அவனை இன்னும் உயிரோட விட்டு வச்சிருக்கீங்களே!" என்று சிரித்தாள்.

4.19. டிங்...

'கதவு தொறக்கல. லின்னியா அழறா. மூணாவது கொடி...'

அழிந்தது.

"பிக்கப் கண்ணாடிய உள்ளேர்ந்து உடைக்க எது நல்லது?" என்று அனுப்பினார்.

"எங்க இருக்கீங்க? உடனே 911 கூப்பிடுங்க!"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

அந்தப் பதிலுக்குக் கீழே மறுபடி சாம்பல் நிறம். மெதுவாக.

'அழறத நிறுத்திட்டா.'

அதுவும் அழிந்தது.

ஹார்லனைப் போனில் கூப்பிட்டேன். ஏரிக்கரையில், பாதை தொடங்கும் இடத்தில்தான் நின்றிருந்தான்.

"மூணாவது கொடிகிட்ட ஒரு வண்டி மாட்டியிருக்கு. ஓடு!"

"எந்த வண்டி? இங்கிருந்து அக்கரை வரைக்கும் தெரியுது. ரோடு காலியா கெடக்கு."

"அப்போ போய்த் துளை போட்டுப் பாரு."

"ஏன்க்கா, உன் கம்ப்யூட்டர் பொட்டி இப்ப ஐஸையும் அளக்க ஆரம்பிச்சிருச்சா? நாளைக்குப் போட்டி. மூடுனா ஊரே சிரிக்கும்."

எங்கள் வீட்டில் ஒருவர் அளந்ததை இன்னொருவர் சந்தேகப்படுவதில்லை. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

"டேய், இத்தனை வருஷத்துல உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? இன்னைக்குக் கேக்கறேன். போ."

முணுமுணுத்துக்கொண்டே போனான். போன் என் காதிலேயே இருந்தது. ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டியின் சத்தம். காற்று. பிறகு துளைக்கருவி.

கிர்ர்ர்...

நின்றுவிட்டது. பதினாறு அங்குலத்துக்கு அந்தச் சத்தம் போதாது.

"அக்கா..."

"சொல்லு."

"மூணு அங்குலம்கூட இல்ல. அடியில தண்ணி ஓடுது."

திரையைப் பார்த்தேன்.

'விருந்தினர் வெளியேறினார்.'

எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. விரல்கள் மட்டும் மரத்திருந்தன. அடுத்த ஆள் பூனையின் வயதை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டார். சொன்னேன்.

ஹார்லன் அன்றே பாதையை மூடினான். ஒருவரும் சாகவில்லை. எங்கள் பெயருக்கு ஒரு கீறலும் இல்லை.

மார்ச் மாதம் ஒருவர் நாலு வயது மகளுடன் நூலகத்துக்கு வந்தார். பிள்ளைக்கு அட்டை வேண்டும் என்றார்.

"பாப்பா பேரு?"

"லின்னியா."

என் பேனா நின்றது.

"நீங்க ஓஸ்ட்பி வீட்டம்மாதானே?" என்றார். "போட்டிக்கு முந்தின நாள் சாயந்திரம் பிக்கப்ல இவளைக் கூட்டிட்டு வந்தேன். உங்க தம்பி தடுப்பு போட்டுட்டு நின்னாரு. வாய்க்கு வந்தபடி திட்டிட்டுத் திரும்பிப் போனேன். மன்னிச்சுக்கங்க."

"எங்க அரட்டைல எதாவது கேட்டீங்களா, அன்னைக்கு?"

"அரட்டையா? லைப்ரரில அப்படிக்கூட இருக்கா?"

அட்டையை நீட்டினேன். அதை வாங்கிக்கொள்ளக் குழந்தை தன் கையுறையைக் கழற்றினாள். அவள் விரல்கள் என்மேல் பட்டன.

ஐஸ்.

"டாக்டர்கிட்ட காமிச்சாச்சு. ஒரு கோளாறும் இல்லங்கறாங்க" என்றார் அவர். "அன்னைக்கு வீடு திரும்பினதுலேர்ந்து இவ கை சூடாகவே மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன்.

அந்தச் சின்ன விரல் நுனிகள்... வெகுநேரம் தண்ணீரில் ஊறியவை போல் வெளுத்துச் சுருங்கியிருந்தன.