சிவப்பு அட்டை கட்டும் பேச்சியம்மாள்

கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி வைக்கிற பழக்கம் பேச்சியம்மாளுக்குக் கிடையாது. கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே கைப்பையைத் திறந்து மூன்று அட்டைகளை எடுத்து மடியில் வைப்பாள். பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. பஸ் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்புவதற்குள் அந்தப் புத்தகத்துக்கு எது என்று முடிவாகிவிட வேண்டும். பக்கத்து சீட்டுக்காரிகள் அந்த நேரத்தில் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை மாட்டியது இருநூறு பக்கக் குடும்ப நாவல். கதாநாயகி ஒற்றை ஆளாகக் கல்யாண வீட்டுக்குச் சமைத்துப் போட்டு, எல்லோரையும் அழ வைத்து, மாமியாரின் மனத்தையும் மாற்றிவிடுகிறாள். பேச்சியம்மாள் மஞ்சளை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: "இத்தனை பேர் சாப்பிட்ட பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று சொல்லவில்லை. திருத்தினால் தேறும்." அட்டையின் நூலைப் புத்தகத்தின் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். வேலை முடிந்தது.

ஆள் குள்ளம். நாற்பத்திரண்டு வயது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து சுடலைமுத்துவுக்கு வாக்கப்பட்டு ஓசூருக்கு வந்து இருபது வருஷமாகிறது. காதில் தெலுங்கும் கன்னடமும் நாள் முழுக்க விழுந்தும், வாயில் இன்னும் ஊர்ப் பேச்சுத்தான். வண்டிக் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனியில் கடைசிச் சோதனை மேஜை அவளுடையது. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு கீல் அவள் விரலைத் தடவிக்கொண்டு போகும். பிசிர் இருந்தால் கண்ணுக்கு முன்னால் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். நல்லதுக்குப் பச்சை அட்டை, திருத்தினால் ஆகும் என்பதற்கு மஞ்சள், ஆகவே ஆகாது என்பதற்குச் சிவப்பு. மேஜைக்கு மேலே சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு தொங்குகிறது. காரணம் எழுதாமல் சிவப்பு அட்டை கட்டக்கூடாது. கட்டியவரைத் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக்கூடாது. கீழே ஜெனரல் மேனேஜர் கையெழுத்து.

இந்தச் சட்டம் புத்தகத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்டால் அவளே சிரிப்பாள். ஒரு வருஷம் கம்பெனி அட்டையில் கட்டங்களை மாற்றினார்கள். பழைய அட்டைகள் கட்டுக் கட்டாகக் குப்பைக்குப் போகவிருந்தன. ஸ்டோரில் கேட்டு, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டாள். "கீலுக்கே இம்புட்டு சோதனைன்னா, மனுசன் மண்டைக்குள்ள போற சாமானுக்கு வேண்டாமா?" என்பது அவள் கேள்வி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் சின்னராஜ், ஆரம்பத்தில் அட்டையோடு திரும்பி வந்த புத்தகங்களைப் பார்த்து வயிறெரிந்துபோனார். பிய்த்து எறிந்தும் பார்த்தார். பிறகு ஒருநாள் அவளைக் கடை வாசலில் மறித்து, "அக்கா, நீங்க சேப்பு கட்டுனா அதாங்க்கா மொதல்ல போவுது. அப்படி என்னாதான் கெட்டுக் கிடக்குதுன்னு பாக்கறாங்க. மாசத்துக்கு நாலு சேப்பாவது கட்டுங்க" என்று கேட்டார். பேச்சியம்மாளுக்கு வந்ததே கோபம். "கேட்டு வாங்குத சாமானாய்யா அது? நல்லாருந்தா பச்சைதான். நீரு தலைகீழா நின்னாலும் பச்சைதான்." அந்த மாதம் அவள் எடுத்த நான்கு புத்தகங்களும், வேண்டுமென்று இல்லை, நிஜமாகவே பச்சையாகப் போய்விட்டன. சின்னராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அழ வைத்துவிட்டால் பச்சை கிடைத்துவிடும் என்று எந்த எழுத்தாளராவது நினைத்தால் ஏமாந்துபோவார். பஸ்ஸில் மூக்கைச் சிந்திச் சிந்திப் படித்த ஒரு நாவலுக்கு, கண் ஈரம் காய்வதற்குள் சிவப்பைக் கட்டினாள். "பிள்ளையைச் சாகடித்தது அழ வைக்க மட்டுமே. வேறு காரணம் தெரியவில்லை." துப்பறியும் கதைகள் அவளுக்கு உயிர். ஆனாலும் மூன்று நாள் சாப்பிடாமல் கொலைகாரனைத் துரத்துகிற போலீஸ்காரரை அவள் விடுவதில்லை. டி.வி. தொடருக்கு அட்டை கட்ட வழியில்லை. அந்த வருத்தத்தைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதித் தீர்த்துக்கொள்கிறாள். பட்டுச்சேலையோடு தூங்கி எழுகிற மாமியார்களைப் பற்றி மட்டும் அங்கே ஏழெட்டுக் குறிப்புகள் இருக்கின்றன.

கடுகடுப்பு மட்டும்தான் என்று சொல்லிவிடவும் கூடாது. ஓசூருக்குப் பக்கத்து ஊரான பேரிகையில், திருவிழாவுக்குப் பகலிலேயே ஒரு கன்னட நாடகம் போட்டார்கள். ராஜா வேஷக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்து மேடை ஏறிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "மகன் செத்த சேதி கேட்டு உக்காந்தாரு பாத்தியளா, அது நடிப்பு இல்ல. கடியாரம் கெடக்கட்டும், ராஜாவுக்கும் ஷிப்ட் இருக்கும்லா" என்று சொல்லி, கொட்டகைக் கம்பத்தில் ஒரு பச்சை அட்டையைக் கட்டிவிட்டு வந்தாள்.

இதெல்லாம் அவள் சொந்த அட்டை, சொந்த நேரம். கம்பெனியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வைத்தது 2006 ஆயுத பூஜை.

மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பங்கிட்ட பிறகு, கேன்டீன் ஹாலில் நாடகம். தலைப்பு "கவனம் கண்மணி". எழுதி இயக்கியவர், தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் மோகன்குமார். மெதுவாகப் பேசுகிற மனிதர். காலேஜில் மேடை ஏறியவர், அந்த ஆசை இன்னும் போகவில்லை. கதை இதுதான்: தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை செய்கிற கண்மணி, செல்போனில் பேசிக்கொண்டே வேலை பார்த்து இரண்டு விரலை இழக்கிறாள். கம்பெனி அவளைக் கைவிடாமல் வேறு வேலை தருகிறது. கடைசிக் காட்சியில் கண்மணி மேடைக்கு முன்னால் வந்து, "தப்பு என்னுடையது" என்று சொல்லி, கட்டுப் போட்ட கையோடு கும்பிட்டு நன்றி சொல்கிறாள்.

மூன்றாவது வரிசையில் சம்பங்கி உட்கார்ந்திருந்தாள். பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போய், இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். பேரிகைக்காரி. நாடகம் பாதியில் இருக்கும்போதே அவள் வலது கை முந்தானைக்குள் போய்விட்டது. கண்மணி கும்பிட்டபோது ஹாலே கைதட்டியது. சம்பங்கி எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். விரல் போன சமயத்தில் அவளிடம் செல்போனே கிடையாது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் நான்கு நாளாக வேலை செய்யவில்லை. அது ரிஜிஸ்டரில் எழுதியும் இருந்தது. எழுதியது பேச்சியம்மாள். அந்த வாரம் பிரஸ் ஷாப்பில் சோதனைக்கு ஆள் இல்லாமல் அவளை அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை, நோட்டீஸ் போர்டில் நாடகப் போட்டோக்களுக்கு நடுவே ஒட்டியிருந்த "கவனம் கண்மணி" போஸ்டரில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. பழைய அட்டை இல்லை, இப்போது நடப்பில் உள்ளது. அவளுடைய சோதனை முத்திரை, எண் பதினேழும் குத்தியிருந்தது. ஏன் அப்படி என்று கேட்டவர்களுக்கு, "மத்தது ஊரான் எழுதினது. இது நம்ம கம்பெனி சரக்கு. கம்பெனி அட்டைதான் கட்டணும்" என்றாள். காரணக் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: "விரல் போனது செல்போனால் அல்ல, சென்சார் கெட்டதால். விரல் போனவள் நன்றி சொல்லமாட்டாள்."

ஷிப்டு ஷிப்டாக வந்து படித்துவிட்டுப் போனார்கள். மோகன்குமார் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னார். செக்யூரிட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "கட்டினவங்கதான் அவுக்கணும்னு ஜி.எம். கையெழுத்து போட்டு போர்டு இருக்குதுங்க சார். நான் அவுத்தா என்மேல வருமுங்க." சூப்பர்வைசரும் அதையே சொன்னார். அந்த மாதக் கடைசியில் வெளியிலிருந்து தரச் சோதனை ஆடிட் வருகிறது. சட்டத்தை மீறி அட்டையை எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். எட்டு நாள் அந்த அட்டை மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

பேச்சியம்மாளுக்குத் தகவல் வந்தது. சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஆபீசுக்கு வந்து மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே அட்டையை அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும்.

சுடலைமுத்து மென்மையான ஆள். முதல்நாள் சாயங்காலம் டீயைக்கூட அவரே போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். "ஏளா, ஒரு கையெழுத்துத்தான. போட்டுட்டு வந்து பேசாம இரி. நம்ம மக தர்ஷினி பாலிடெக்னிக் இப்பத்தான் முதல் வருசம். உனக்கு வேலை போனா என்ன செய்ய?" பேச்சியம்மாளுக்கும் அது தெரியாதா? பயமும் இருந்தது. ஆனால் டீயைக் குடித்துவிட்டு, "டீ நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஆபீஸ் படியில் சம்பங்கி காத்துக்கொண்டிருந்தாள். "வேணாம்க்கா. போனது என் விரலு. எனக்காவ நீ எதுக்குக்கா வேலைய வுடறே?"

"உனக்காவன்னு யாரு சொன்னா? நாடகம் நல்லால்ல. அதத்தான எழுதிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். பாதிப் படியில் நின்று திரும்பி, "அன்னைக்கு நீ எந்திரிச்சுப் போனியே, நான் அதத்தான் பாத்தேன். கடேசி சீன எவன் பாத்தான்?" என்றாள். சம்பங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மோகன்குமார் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. இடது பக்கம் டைப் அடித்த மன்னிப்புக் கடிதம். வலது பக்கம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்கிற உத்தரவு. "உக்காருங்கம்மா. கையெழுத்துப் போட்டீங்கன்னா இத இங்கயே கிழிச்சுடறேன்" என்று வலது தாளைத் தொட்டுக் காட்டினார். பிறகு சற்றுத் தயங்கி, "நாடகம் நல்லா இருக்குன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான்..." என்று நிறுத்தினார். எழுதிய மனிதருக்கு வலித்துத்தான் இருக்கிறது. பேச்சியம்மாளுக்கு அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் இரக்கம் வந்தது.

"மொதோ சீன் நல்லாருந்துது சார். கேன்டீன்ல பேசிக்கிடுதாவள்லா, அது நல்லாவே எழுதிருக்கிய. பொறகுதான் கெட்டுப்போச்சு."

கடிதத்தை எடுத்தாள். கீலைத் தடவுவதுபோல ஒவ்வொரு வரிக்கும் கீழே கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே படித்தாள். ஒரு தடவை முடித்து, மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள். மோகன்குமார் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"இத எழுதினது யாரு சார்?"

"நான்தான்."

"'உணர்ச்சிவசப்பட்டு'ன்னு போட்டிருக்கிய. நான் ரெண்டு நாள் யோசிச்சில்லா கட்டினேன். 'உண்மைக்கு மாறாக'ன்னு போட்டிருக்கிய. ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தியளா?"

"அம்மா, இது கதை இல்ல. இதுல அபிப்பிராயம் கேக்கல."

"படிக்கக் குடுத்துட்டியள சார்."

அவர் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டின் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். கூடவே ஒரு சிவப்பு அட்டையும் வந்தது. காரணக் கட்டத்தை நிதானமாக நிரப்பி, பதினேழாம் முத்திரையை வாயால் ஊதிக் குத்தினாள். கொண்டை ஊசியை உருவி, மன்னிப்புக் கடிதத்தின் மூலையில் ஓட்டை போட்டு, நூலை உள்ளே விட்டு இரண்டு முடிச்சுப் போட்டாள். முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். எழுத்து அவருக்கு நேராக இருக்கும்படி கடிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, வலது பக்கத் தாளுக்காகக் கையை நீட்டினாள்.