பதுளைத் தந்தி ஆபீசில் சூரியன் குறுக்கிட்ட மாலை

சூரியனில் பெரிய கரும்புள்ளி தெரிகிறது என்று பத்திரிகையில் படித்ததும், மலைநாட்டிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. 1909 செப்டம்பர் கடைசி அது. கொழும்பில் துணிக்கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதுளைக் கடைக்காரர் ஒருவருக்குச் சரக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பதுளைக்குப் பதினெட்டு மைல். மாட்டு வண்டிக்கு மூன்று ரூபாய். விடிந்ததும் புறப்பட்டால் பிற்பகலில் சேரலாம். வழியில் மூடுபனி விலகிய இடத்தில் வண்டியை நிறுத்தி, புகை படியவைத்த கண்ணாடி வழியே பார்த்தேன். சூரிய வட்டத்தில் கடுகளவு கறுப்பு. வண்டிக்காரர் மாரிமுத்துவும் வாங்கிப் பார்த்துவிட்டு, "அதுக்கும் அம்மை போட்டிருக்குங்களா?" என்று கேட்டார்.

வந்து சேர்ந்ததை வீட்டுக்குத் தெரிவிக்கத் தந்தி ஆபீசுக்குப் போனேன். அங்கே முத்தம்மா என்ற பெண் நின்றிருந்தார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் குடியிருப்பவர்; அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். அவர் புருஷன் கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் அழுகிவிட்டது, எடுத்தால்தான் பிழைப்பார் என்கிறார் டாக்டர். பெண்டாட்டி சம்மதிக்காமல் காலைக் கொடுக்கமாட்டேன் என்று அந்த மனிதர் பிடிவாதம் பிடிக்கிறாராம். பதில் அன்றைக்கே போயாக வேண்டும்.

தந்தி அனுப்புகிற கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்து மணி சுமாருக்கு, அவர் கையை எடுத்த பிறகும் கருவி தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. மின்கலத்தைக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் மின்னோட்டம் காட்டும் முள் இடமும் வலமுமாகச் சாய்ந்தது. வானத்தில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை.

நான் கரும்புள்ளியைப் பற்றிச் சொன்னேன். அது பெரிதாக இருக்கும் நாட்களில் சில சமயம் பூமியின் காந்தம் குலுங்கும், அந்தக் குலுக்கலில் நீளமான கம்பிகளில் மின்சாரம் ஓடும் என்று படித்திருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி இங்கே வருகிறது என்று கந்தையா கேட்டார். எனக்கும் தெரியவில்லை, படித்தவர்களே அதில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்றேன்.

அவருடைய பயம் வேறு. முத்தம்மாவுக்காக யாரோ எழுதித் தந்த தாளில் "காலை எடுக்க மறுக்க வேண்டாம்" என்றிருந்தது. "இதிலை 'வேண்டாம்' எண்டது மட்டும் விழுந்துபோனால் அந்தாள் செத்துப்போவார்," என்றார் கந்தையா. வேறு மாதிரி சொல்லச் சொன்னார்.

முத்தம்மா யோசிக்கவே இல்லை. "காலை எடுக்கட்டும். உசுரோட வாங்க. அவ்வளவுதாங்க."

கந்தையா அதை ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக்கினார். முள் சற்று அடங்கும்போதெல்லாம் அனுப்பினார். கொழும்பு புரியவில்லை என்றது. மறுபடி அனுப்பினார், மறுபடியும். விளக்கு ஏற்றும் நேரத்தில்தான் கொழும்பு முழுவதையும் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னது. முத்தம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். அவசரத் தந்தி எழுதினால், ஒரு சொல் தொலைந்தாலும் பொருள் தலைகீழாகாதபடி எழுதுங்கள்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை பதில் வந்தது: முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது, பேசுகிறார். பசறைக்குத் திரும்பவிருந்த முத்தம்மாவிடம், இனி அவர் புருஷன் தோட்டத்துப் பெரட்டில் பெயர் கொடுத்து மலையேறி வேலை செய்ய முடியாதே என்று கேட்டுவிட்டேன்.

"விடியக்கால பெரட்டுக்கு நான் போறேங்க," என்றார். "அவரு லயத்துல சோறாக்கட்டும்."